முட்டியில் சிராய்ப்பு, கையில் நீச்சல் ரசீது: தண்ணீரில் இறங்கலாமா?

நீச்சல் வகுப்பில் சேர்ந்து பத்தாவது நாள், வண்டி மணலில் சறுக்கி வலது முட்டியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழித்துக்கொண்டு போய்விட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, தையலும் தேவைப்படவில்லை. ஆனால் மாதக் கட்டணம் முழுசாகக் கட்டியாகிவிட்டது. விடுபட்ட நாளுக்குப் பணம் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கமே அச்சடித்திருந்தது. நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்கப் போனவனுக்கு, ஒரு வாரம் போகாமல் இருந்தால் சேர்த்த தைரியமெல்லாம் வடிந்துவிடும் என்ற பயம் வேறு. மூன்றாம் நாளே போய் நின்றேன். "குளோரின் தண்ணிதானே சார், புண்ணு சீக்கிரம் காஞ்சுடும், இறங்குங்க" என்றார் பயிற்சியாளர்.

இறங்கினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கரையேறியபோது பொருக்கு முழுவதும் ஊறி, பழைய சோறு போல வெளுத்திருந்தது. துடைத்ததும் துண்டோடு வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறியிருக்க வேண்டிய சிராய்ப்பு ஐந்து வாரம் இழுத்தது. கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் அடுத்த மாதத்தையும் சேர்த்துத் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் யாராவது கேட்கிறார்கள்: "காயம் பட்டு எத்தனை நாள் கழிச்சு இறங்கலாம்?" நாள் கணக்கில் பதில் சொல்லவே முடியாத கேள்வி இது. முகத்தில் விழுந்த கீறல் நாலைந்து நாளில் மூடிவிடும். அதே ஆளின் கணுக்காலில் விழுந்த அதே அளவு கீறல் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். கேட்க வேண்டியவை வேறு மூன்று: தோல் மூடிவிட்டதா? இறங்கப்போவது எந்தத் தண்ணீர்? இறங்கப்போவது யார்? இந்த வரிசையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு "மூடவில்லை" என்பது பதிலானால், பெரும்பாலானவர்களுக்கு மற்ற இரண்டும் தேவைப்படாது.

ஈரம் வேறு, ஊறுவது வேறு

"புண்ணைக் காத்தாட விடு, ஈரம் படக் கூடாது" என்று நம் வீடுகளில் சொல்வது பாதிதான் சரி. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுக்குத் திறந்துவிட்டார், சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடினார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்து கெட்டியான பொருக்குக்கு அடியில் செல்கள் வழி தேடி ஊர வேண்டியிருக்கிறது, ஈரத்தில் நேராகவே நகர்ந்துவிடுகின்றன. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் நல்ல டிரெஸ்ஸிங்குகள் பலவும் இந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவைதான்.

அப்படியானால் நீந்துவதும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அந்த ஈரம் உடம்பே சுரக்கும் நீர். உப்பும் சத்தும் அதற்கென்ற அளவில் இருக்கும், வெளியிலிருந்து கிருமி வராமல் மூடியிருக்கும். ஒரு மணி நேரம் குளத்தில் ஊறும்போது நடப்பது வேறு. நம் உடம்பு நீரின் உப்பு ஏறக்குறைய 0.9 சதவீதக் கரைசலுக்குச் சமம். நல்ல தண்ணீரில் அதைவிட மிகக் குறைவு என்பதால் காயத்தின் ஓரத்துத் தோல் தண்ணீரை இழுத்து உப்பி, வெளுத்து, பிசுபிசுத்துப் போகிறது. அந்த நிலையில் லேசாக உரசினாலும் பிய்ந்துவிடும். கடலில் உப்பு சுமார் 3.5 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அது எதிர்த்திசையில் வேலை செய்யும், எரியும். "உப்புத் தண்ணி புண்ணை ஆத்தும்" என்பவர்கள் ஆஸ்பத்திரி சலைன் பாட்டிலையும் மெரினாவையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பாட்டிலில் இருப்பது கிருமி நீக்கி, உடம்புக்கு ஏற்ற அளவில் உப்புச் சேர்த்த நீர். கடலில் கோடிக்கணக்கான உயிர்கள் குடியிருக்கின்றன.

குளிப்பதற்கு இந்தத் தடை பொதுவாகக் கிடையாது. சிராய்ப்பின்மேல் குழாய்த் தண்ணீர் ஓடினால் அழுக்குதான் போகும். தையல் போட்ட காயத்துக்குக்கூடப் பொதுவாக 48 மணி நேரம் கழித்து, ஓடுகிற தண்ணீரில் சுருக்கமாகக் குளித்து ஒற்றியெடுக்கச் சொல்வார்கள். மொண்டு ஊற்றிக் குளிப்பதற்கும் முங்கிக் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காயத்துக்குப் பேர் வையுங்கள்

செருப்புக்கடி, மேலோட்டமான முள் கீறல், ஷேவிங்கில் பட்ட வெட்டு: இவை சில நாள் சமாசாரம். மூடட்டும், போகலாம்.

சிராய்ப்பு அப்படியில்லை. ஆழம் குறைவு, ஆனால் பரப்பு பெரிது. நீச்சல் குளத்தில் நான் பார்க்கும் முக்கால்வாசித் தவறு இதில்தான் நடக்கிறது, ஏனென்றால் யாருமே இதைக் காயமாக மதிப்பதில்லை. முட்டி, முழங்கை போன்ற மடங்கும் இடமானால் கணக்கு இன்னும் நீளும். தவளை நீச்சலில் ஒவ்வொரு உதைக்கும் முட்டி முழுசாக மடங்கி விரிகிறது. அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை புதுத் தோலைப் பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தையல் போட்ட வெட்டுக்கு விதி எளிது: தையல் இருக்கும்வரை நீச்சல் இல்லை. முகத்துத் தையலை ஐந்து நாள் வாக்கிலும், கை, உடம்பில் போட்டதை ஏழிலிருந்து பத்து நாளிலும், கால், மூட்டுகளில் போட்டதைப் பத்திலிருந்து பதினான்கு நாளிலும் பிரிப்பது வழக்கம். பிரித்த அன்று மாலையே குதித்துவிடாதீர்கள். ஊசி போன ஓட்டைகள் மூட இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். பசை வைத்து ஒட்டிய காயமும் இதே வகைதான், பசை தானாக உதிரட்டும். கரையும் தையல் என்றால் எப்போது கரையும் என்று போட்டவரிடமே கேட்டுவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. மேல்தோல் மூடுவதும் காயம் பலப்படுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. மூன்று வாரம் ஆன ஆழமான வெட்டுக்குப் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மாதக்கணக்கில் ஆனாலும் முழுப் பலம் திரும்புவதில்லை, எண்பது சதவீதம் வாக்கில் நின்றுவிடும். ஆகவே முதல் நாளே டைவ் அடிப்பதெல்லாம் வேண்டாம். வயிற்றில், மார்பில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அறுத்தவர் சொல்வதுதான் கணக்கு.

எனக்கு அதிக பயம் குத்துக்காயத்தைப் பார்த்துத்தான். ஆணி, கருவேல முள், மீன் முள். வாய் சின்னது, மறுநாளே மூடிக்கொள்ளும். உள்ளே அழுக்கு அப்படியே இருக்கும். கீழே நான் சொல்லும் சோதனையில் எல்லாம் பாஸ் ஆகிவிடும், ஆனால் அழுத்தினால் உள்ளே வலிக்கும். வலி இருக்கும்வரை அதை மூடாத காயமாகவே எண்ணுங்கள். கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டோம் என்பதையும் யோசியுங்கள். மண்ணும் துருவும் பட்ட காயம், ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்றால் ஒரு தவணை போடச் சொல்வது நடைமுறை. சுத்தமான சின்னக் காயத்துக்குப் பத்து ஆண்டு.

தீக்காயக் கொப்புளம் உடையாமல் இருந்தால் அதுவே இயற்கை போட்ட டிரெஸ்ஸிங். தண்ணீரில் உரசி உடைந்தால் அடியில் பச்சைப் புண்தான். ஆகவே அது வற்றி, அடியில் தோல் வரும்வரை காத்திருங்கள். புதிதாகக் குத்திய டாட்டூவும் காயமே. இரண்டிலிருந்து நான்கு வாரம் ஊற வைக்கக் கூடாது. மூக்கு, காது குத்தியவர்களுக்கு அதைவிடக் கூடுதல் நாள். நாய், பூனை கடித்ததோ பிராண்டியதோ என்றால் நீச்சலைப் பற்றிய பேச்சே இப்போது வேண்டாம். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஊசி போடப் போங்கள்.

காயக் கணக்கில் யாருமே சேர்க்காத சில உண்டு. கால் விரலிடுக்குச் சேற்றுப்புண், ரத்தம் கசியும் அளவுக்குப் பிளந்த பித்தவெடிப்பு, நகச்சுற்று, கோடையில் வரும் வேனல் கட்டி, குழந்தைகள் கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கியது. இவை எல்லாமே கிருமி நுழையத் திறந்திருக்கும் வாசல்கள். சீழ் வைத்தவையும் சேற்றுப்புண்ணும் உங்களிடமிருந்து மற்றவருக்கும் போகும். வேர்க்குருவுக்கு மட்டும் விலக்கு உண்டு, சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால்.

மூடிவிட்டதா என்று பார்ப்பது எப்படி

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். காய்ந்த பொருக்கு ஏமாற்றும். மேலே கெட்டியாக இருக்கும், அடியில் ஈரம் இருக்கும்.

குளியலறையில் காயத்தின்மேல் பத்து நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளை டிஷ்யூ தாளை அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். மஞ்சளாகவோ சிவப்பாகவோ கறை விழுந்தால் மூடவில்லை. கறையே இல்லை என்றால் மூட்டை முழுசாக மடக்கி நீட்டிப் பாருங்கள். பொருக்கின் ஓரம் விரிசல் விட்டால் மூடவில்லை. கடைசியாகக் கொஞ்சம் சோப்பு நுரையைத் தடவுங்கள். சுருக்கென்று எரிந்தால் எங்கோ ஓர் இடத்தில் இன்னும் திறந்திருக்கிறது.

மூன்றிலும் தேறிய தோல் பார்ப்பதற்கு இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் மெலிதாக இருக்கும். மாநிறத்தவர்களுக்கும் கறுப்பானவர்களுக்கும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கருமையாகவோ வெளிறியோ இருக்கும். நிறத்தைவிடத் தொடு உணர்வை நம்புங்கள். பொருக்கு தானாக உதிர்ந்திருக்க வேண்டும். நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு "உதிர்ந்துவிட்டது" என்று கணக்குச் சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. நானும் செய்திருக்கிறேன்.

எந்தத் தண்ணீர்

ஒழுங்காகப் பராமரிக்கும் நீச்சல் குளம் இருப்பதிலேயே பாதுகாப்பானது. ஒழுங்காக என்பதைச் சோதிப்பது எளிது. ஆழமான பக்கத்தின் அடியில் இருக்கும் வடிகாலின் சல்லடை மூடி மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். குளோரின் அளவை எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பொதுவாக 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் ஒன்று முதல் மூன்று பங்கு) வரையும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரையும் இருப்பது நல்லது. சோதனைப் பட்டையை மருந்து கலக்குபவரிடம் கேட்டால் காட்டுவார், காட்டத் தயங்கினால் அதுவே ஒரு பதில். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் "நல்லா குளோரின் போட்டிருக்காங்க" என்று மகிழ வேண்டாம். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை அது. அப்படிச் செலவான குளோரின் கிருமியோடு அவ்வளவாகச் சண்டை போடாது.

குளோரின் எல்லாவற்றையும் கொல்வதும் இல்லை. காசநோய்க் கிருமியின் உறவுக்காரனான மைக்கோபாக்டீரியம் மெரினம் குளோரினுக்கு அவ்வளவு எளிதில் அசைந்துகொடுக்காது. 1951-இல் ஸ்வீடனில் ஒரு நீச்சல் குளத்தில் குளித்தவர்களின் தோல் புண்களில் இதைக் கண்டார்கள். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது வருவதுண்டு. காயம் பட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்து, எல்லாம் மறந்துபோன பிறகு அந்த இடத்தில் ஒரு கழலை கிளம்பும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும். அபூர்வம்தான். ஆனால் "குளோரின் இருக்கு, ஒன்னும் ஆகாது" என்பவரிடம் சொல்ல ஒரு பதில் வேண்டுமே.

கடலைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். அகன்ற, அலையடிக்கும் சுத்தமான கரை ஒன்று. ஆறும் கடலும் கலக்கும் கழிமுகம் இன்னொன்று. அடையாறும் கூவமும் கலக்கும் இடங்களில் என்ன தண்ணீர் வருகிறது என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரிலும், நல்ல தண்ணீர் கலந்த உவர்நீரிலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. "வல்னிஃபிகஸ்" என்றால் லத்தீனில் காயம் செய்வது என்றே பொருள். திறந்த காயத்தின் வழி உள்ளே போனால் ஒரே நாளில் கால் வீங்கி, ஊதாநிறக் கொப்புளம் வரும். தொற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. திறந்த காயம், புது டாட்டூ, அண்மையில் ஆன அறுவை சிகிச்சை இருப்பவர்கள் உப்புத் தண்ணீரிலும் உவர்நீரிலும் இறங்க வேண்டாம் என்பது அவர்கள் சொல்லும் அறிவுரை. இந்தத் தொற்று அரிது. ஆனால் வந்தால் யோசிக்க நேரம் தராது. ராமேசுவரம் பக்கம் பவளப்பாறையிலோ, துறைமுகக் கல்லில் ஒட்டிய சிப்பியிலோ காலைக் கிழித்துக்கொண்டால் நீச்சலை அங்கேயே நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஆறு, ஏரி, கண்மாய், வயல் கிணறு: திறந்த காயத்தோடு இவற்றில் இறங்குவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும்தான். எலிக்காய்ச்சல் கிருமி எலி, மாடுகளின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலந்து, தோல் வெடிப்பு வழியாகவும் உடம்புக்குள் வருகிறது. மழைக்காலத்து வெள்ளநீரில் ஆபத்து இன்னும் அதிகம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், இலங்கை மண்ணிலும் நீரிலும், காயத்தின் வழியாகவும் தொற்றும் மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான நோயின் கிருமியும் உண்டு, அது சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் தேடிப் பிடிக்கும். பெருமழை பெய்து சாக்கடையெல்லாம் அடித்துக்கொண்டு வந்த பிறகு, காயமே இல்லாதவர்களும் ஆற்றுக்கும் கடலுக்கும் மூன்று நாள் போகாமல் இருப்பது நல்லது.

குற்றால அருவியைப் பற்றித் தவறாமல் கேட்பார்கள். அங்கே ஊறும் பிரச்சினை குறைவு. ஆனால் அந்த வேகத்தில் விழும் தண்ணீர் பொருக்கைப் பிய்த்துக்கொண்டு போய்விடும், எண்ணெய் வழுக்கும் பாறையில் கூட்டத்தோடு நிற்கும்போது பழைய காயத்தின்மேலேயே இன்னொரு அடி படும். ஓரமாகக் கை கால் நனைத்துவிட்டு பரோட்டா சாப்பிடப் போங்கள்.

இறங்குவது யார்

அதே சிராய்ப்பு, அதே குளம். இருபது வயதுப் பையனுக்கு ஒரு வாரத் தாமதம், அவன் அப்பாவுக்கு விரலே போகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். பல ஆண்டு சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். குளத்தோரச் சிமெண்டுத் தரை வெயிலில் கொப்புளம் வரச் சுட்டாலும் தெரியாது, ஓடு கிழித்தாலும் தெரியாது. ஆகவே எரிகிறதா என்ற சோப்புச் சோதனை உங்களுக்குச் செல்லாது. கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தில் சிறு புண் இருந்தாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நீச்சல் வேண்டாம். காயமே இல்லாத நாளிலும் குளத்தோரம் ரப்பர் செருப்போடு நடங்கள்.

கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை ஆனவர்கள் காயத்தோடு கடலில் கால்கூட நனைக்கக் கூடாது. விப்ரியோ இவர்களைத்தான் முதலில் வீழ்த்துகிறது. யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு விரலிடுக்கில் ஒரு சின்ன வெடிப்பே காய்ச்சலும் வீக்கமும் கிளம்பப் போதும். குழந்தைகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம்: அவர்கள் "வலிக்கலை" என்று சொல்வது தண்ணீர் ஆசையில். நீங்களே சோதித்துப் பாருங்கள்.

இறங்கியே ஆக வேண்டுமென்றால்

போட்டி இருக்கிறது, தேர்வு இருக்கிறது, ஊரிலிருந்து வந்த பேரப்பிள்ளை நாளை கிளம்புகிறான். சரி. மூன்று நிபந்தனைகள் சேர்ந்தால் மட்டும்: காயம் சின்னது, மேலோட்டமானது, ஓரங்கள் மூடத் தொடங்கிவிட்டன. தண்ணீர் நல்ல பராமரிப்புள்ள நீச்சல் குளம். நீங்கள் மேலே சொன்ன எந்த வகையிலும் இல்லை.

சாதாரண பிளாஸ்திரி பத்து நிமிடத்தில் மிதக்கும், அப்புறம் அது அடுத்தவர் வாய்க்குள் போகும். மருந்துக்கடையில் நீர் புகாத, ஒளி ஊடுருவும் படல டிரெஸ்ஸிங் என்று கேளுங்கள். காயத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலில் ஒட்டும் அளவு வாங்குங்கள். ஒட்டும் முன் தோலில் எண்ணெய்ப்பசை இருக்கக் கூடாது. நம் ஊர்ப் பிரச்சினையே இதுதான், நீச்சலுக்கு முன் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம். சோப்புப் போட்டுக் கழுவி, முழுசாகக் காய வைத்து, முட்டியைப் பாதி மடக்கிய நிலையில் ஒட்டி, ஓரங்களை உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கூர்மையான மூலைகள்தான் முதலில் பெயரும், கத்தரியால் வளைவாக வெட்டிவிடுங்கள். ஒட்டிய கையோடு குதிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

தண்ணீரில் இருபது நிமிடம் போதும். நடுநடுவே பாருங்கள், ஓரம் பெயர்ந்து உள்ளே தண்ணீர் தெரிந்தால் உடனே வெளியே வாருங்கள். கிருமியையும் தண்ணீரையும் சேர்த்துக் கட்டிவைத்த பை அது. பாலித்தீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுவது குளியலறைக்குச் சரி, நீச்சலுக்கு உதவாது. வாஸ்லின் தடவினால் தண்ணீர் புகாது என்பதும் நம்பிக்கை மட்டுமே. காயம் இருப்பதைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். சில குளங்களில் டிரெஸ்ஸிங்கோடு இறங்க அனுமதி கிடையாது, அதில் நியாயமும் இருக்கிறது.

கரையேறியதும்

டிரெஸ்ஸிங்கை அங்கேயே கழற்றுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஓடும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம், சோப்பைக் காயத்தைச் சுற்றிப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, புது டிரெஸ்ஸிங் போடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் அது புதிதாக வளரும் தோலையும் சேர்த்து அரிக்கிறது. டெட்டாலை அப்படியே ஊற்றுவதும் அதே கதை. மஞ்சள், காப்பித்தூள், பற்பசை வேண்டவே வேண்டாம், மறுநாள் டாக்டர் பார்ப்பதற்குக்கூட முதலில் அதைச் சுரண்ட வேண்டியிருக்கும்.

அடுத்த இரண்டு நாள் காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இது மருத்துவமனைகளில் செய்வதுதான், வீட்டிலும் செய்யலாம். ஆறும் காயத்தில் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால், சிவப்பு கோட்டைத் தாண்டினால், சூடாக விண்விண்ணென்று தெறித்தால், சீழ் வந்தால், காலில் புண்ணுக்குத் தொடையிடுக்கிலோ கையில் புண்ணுக்கு அக்குளிலோ நெறி கட்டினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். குளிர்காய்ச்சல், காயத்திலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காயத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கடும் வலி, ஊதா அல்லது கருநிறக் கொப்புளம்: இவற்றில் எது வந்தாலும் இரவு பன்னிரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

போகும்போது ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள்: "இந்தக் காயத்தோட இந்தத் தேதியில இந்தத் தண்ணியில இறங்கினேன்." கடலா, ஆறா, குளமா என்பதைப் பொறுத்து டாக்டர் சந்தேகப்படும் கிருமியும் மருந்தும் மாறும். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆற்றில் இறங்கி ஒன்று இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தாலும் இதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். காயம் அதற்குள் ஆறியே போயிருக்கும், யாருக்கும் அதன் நினைப்பு வராது.

காத்திருக்கும் நாட்கள்

மாதக் கட்டணத்தை நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்து, காயத்தின் போட்டோவையும் காட்டினால் சில இடங்களில் நாட்களைத் தள்ளிக் கொடுக்கிறார்கள். என் ரசீதில் இல்லாத சலுகை அடுத்த முறை வேறு குளத்தில் கேட்டபோது கிடைத்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு இன்னொரு யோசனை: கால் உதையைக் கட்டிலில் குப்புறப் படுத்துப் பழகலாம். மூச்சுப் பயிற்சிக்கு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, முகத்தை மட்டும் முக்கி மூக்கால் குமிழி விடலாம். முட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஐந்து வாரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான விஷயம் அந்தக் குமிழிதான். சமையலறையில் அண்டாவுக்குள் தலையை விட்டிருந்தவனைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள்.

திரும்பப் போகும் முதல் நாள் இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவளை நீச்சலையும், சுவரை உதைத்துக் கிளம்புவதையும் முதல் வாரம் தள்ளிவையுங்கள். படிக்கட்டில் முட்டி போட்டு ஏறாமல் ஏணியில் ஏறுங்கள். குளித்து முடித்ததும் புதுத் தோலில் கொஞ்சம் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவலாம், குளோரின் அதை மற்ற இடத்தைவிட அதிகமாக வறட்டும். திறந்தவெளிக் குளமானால் தழும்பின்மேல் வெயில் படாமல் முட்டி மறையும் நீச்சலுடை போடுங்கள், சில மாதத்துக்காவது. இல்லாவிட்டால் அந்த இடம் கருத்துப்போகும். என் வலது முட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரும்பட்டை இன்னும் இருக்கிறது.